எம்டன் சர்மாவின் காற்று

மாமல்லபுரம் தெற்கு மாட வீதியில் பட்டாபிராமன் வீட்டுக் கூடத்துக்குக் காற்று ஜன்னல் வழியாக வருவதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பழைய கப்பல் கொடியிலிருந்து வருகிறது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தித் தாழ் போட்டாலும் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து லேசான உப்பு வாசனையோடு ஜிலுஜிலுவென்று காற்று புறப்பட்டுக் கூடம், ரேழி, சமையலறை என்று போகும். எண்பது வருஷமாக இப்படித்தான். வீதியில் யாருக்கும் இது பெரிய விஷயமில்லை. சித்திரையில் வடாம் பிழிந்துவிட்டு எதிர்பாராத மழையில் மாட்டிக்கொண்டவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கேதான் வருவார்கள். கரண்ட் போனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து, புத்தகத்தின் மேல் ஆளுக்கொரு கல்லை வைத்துக்கொண்டு படிப்பார்கள்; இந்த ஊரில் கல்லுக்கா பஞ்சம்! ரமா கல்யாணமாகி வந்தபோது அவள் அப்பா சீராகக் கொடுத்த மேஜை மின்விசிறி இன்னும் பெட்டி பிரிக்காமல் பரணில் இருக்கிறது. மீட்டர் பார்க்க வருகிறவர், "உங்க வூட்ல மட்டும் இன்னாம்மா இவ்ளோ கம்மியா ஓடிக்கீது?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் கொடிக்கு நேரே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார்.

கொடியைக் கொண்டுவந்தவர் ரமாவின் மாமனார் ஜானகிராமன். ஸ்தலசயனப் பெருமாள் கோயிலில் கைங்கரியம் பண்ணிக்கொண்டிருந்தவர். யுத்தத்தின் நடுவில், நாற்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், கடலில் குளிக்கப் போனவரின் காலில் அது சுற்றிக்கொண்டது. கடையில் ஒரு துண்டு வாங்குவதற்கே மூக்கால் அழ வேண்டியிருந்த காலம், கடல் சும்மா கொடுக்கிற துணியை யார் வேண்டாம் என்பார்கள்? அலசிப் பிழிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாயம் முழுக்கப் போய், பழுத்த வேட்டியின் நிறத்தில் இருந்தது. "இது எம்டன் கொடி" என்று அறிவித்தார். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் எது ஒதுங்கினாலும் எம்டன்தான். ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது போன யுத்தத்தில், போட்ட கொஞ்ச நாளிலேயே அந்தக் கப்பல் தொலைந்தும் போயிற்று என்று போஸ்ட்மாஸ்டர் எடுத்துச் சொன்னாராம். மாமனார் காதில் வாங்கினால்தானே. கொடியைச் சாமான் வைக்கிற உக்கிராண அறைக்குத் திரையாகத் தொங்கவிட்டார். அது சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மறு வருஷம் புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தது. அன்றைக்குச் சொந்தப் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் பண்ணி முடித்த பிறகு, நாதியில்லாமல் போனவர்களுக்கும் ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடுவது உண்டு. காருண்ய தர்ப்பணம் என்று பெயர். ஜானகிராமன் இளகின மனசுக்காரர். கொடி இங்கே இருக்கிறதென்றால் கொடிக்கு உடையவன் கடலில் போயிருக்க வேண்டும், பாவம், ஜெர்மனியில் யார் அவனுக்கு எள்ளுத் தண்ணீர் விடப்போகிறார்கள் என்று நினைத்தார். கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காச்யப கோத்திரம் என்று சொல்லிவிடுவது வழக்கம். பெயருக்கு என்ன செய்வது? கப்பல் பெயரோடு வழக்கப்படி ஒரு சர்மாவைச் சேர்த்து, 'காச்யப கோத்திரத்து எம்டன் சர்மா' என்று சொல்லித் தண்ணீரை விட்டார். விட்ட மாத்திரத்தில் உக்கிராண அறை வாசலில் கொடி எழும்பிப் படபடத்தது. அன்றிலிருந்து நிற்கவில்லை. எம்டன் சர்மாவுக்குத் திருப்தி என்று மாமனார் முடிவு கட்டி, கொடியைக் கூடத்துச் சுவருக்கு மாற்றினார். வருஷம் தவறாமல் அவருக்குத் தண்ணீர் விட்டார், தன் காலத்துக்குப் பிறகும் விட வேண்டும் என்று பிள்ளை பட்டாபிராமனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

பட்டாபிராமனுக்குச் சின்ன வயசிலிருந்து இழுப்பு. கல்பாக்கத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முகம் நீலம் பாரித்திருக்கும். செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கொடிக்குக் கீழே உட்காருவார். காற்று மூக்கில் ஏறினதும் மனுஷன் மறுபடியும் மனுஷனாகிக் காபி கேட்பார். ராத்திரித் தூக்கமும் அங்கேதான். கல்யாணமான புதிதில் ரமா இதைப் பார்த்துப் பார்த்துப் பயந்திருக்கிறாள், பிறகு பயம் போய் நன்றி வந்தது. தினமும் சாயங்காலம் விளக்கேற்றிப் பெருமாளைச் சேவித்த பிறகு, கொடியின் பக்கம் திரும்பி, "எம்டன் மாமா, நீங்க எங்கே இருந்தாலும் நன்னா இருக்கணும். எங்காத்துக்காரர் மூச்சு உங்களாலதான் ஓடறது" என்று சொல்லாமல் அவள் அடுப்பங்கரைக்குப் போனதில்லை. செத்துப்போனவரை நன்றாக இருக்கச் சொல்வதில் இருக்கிற கோளாறு அவளுக்குத் தோன்றியதே இல்லை.

எந்தத் துணி எண்பது வருஷம் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கும்? ஓரம் பிய்ந்து பிய்ந்து கொடி குட்டையாகிக்கொண்டே வந்தது, காற்றும் அதே கணக்கில் குறைந்தது. சமையலறை வரைக்கும் வந்தது ரேழியோடு நின்றது, பிறகு கூடத்தோடு நின்றது. போன வருஷம் ரமா கோ-ஆப்டெக்ஸில் நல்ல பருத்தித் துணி வாங்கிப் பிய்ந்த ஓரத்தில் ஒட்டுப் போட்டாள். ஒட்டு செத்த மீன் மாதிரி தொங்கியது. அது மட்டுமா, அதன் கனத்தில் மிச்சக் கொடியும் படுத்துவிட்டது. அன்றைக்குப் பட்டாபிராமனைச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், திரும்பி வர ஒரு வாரமாயிற்று. ரமா வந்ததும் வராததுமாக ஒட்டைப் பிரித்துப் போட்டாள். கொடி சோனியாக அசைந்தது. கை வைத்தால்தான் காற்று வருவது தெரிந்தது. இனி இது எத்தனை நாளைக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை. இந்தக் கொடியை எதால் நெய்தார்கள், எதால் தைத்தார்கள் என்று தெரிந்தால்தானே சரியாக ஒட்டுப் போட முடியும்?

ரமாவின் தங்கை பெண் விஷாகா ஊரப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்கு லீவில் வந்திருந்தாள். வெளிநாட்டில் ஒரு கடல் அருங்காட்சியகத்தில் வேலை. சண்டைக் காலத்துக் கப்பல் கொடிகளைச் சோதித்து, எது நிஜம், எது போலி, எந்த நாட்டில் தைத்தது என்று சொல்வதுதான் உத்தியோகம். ரமா போன் பண்ணினதும் பூதக்கண்ணாடி, ஊதா விளக்கு, இடுக்கி என்று ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். காற்று வீசுகிற கொடியை அவளும் குழந்தையிலிருந்து பார்த்தவள்தான், அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. கீழே விரித்துப் போட்டால் காற்று நின்றுவிடும், பெரியப்பாவுக்கு மூச்சு முட்டும் என்பதுதான் சங்கடம். அதனால் ஸ்டூலின் மேல் ஏறி, கொடி அடித்துக்கொண்டிருக்கும்போதே சோதித்தாள். ரமா கீழே நின்று ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பட்டாபிராமன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா. அது துணி இல்லை, என் மூச்சு" என்று நொடிக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விஷாகா பிய்ந்த இடத்திலிருந்து ஒரே ஒரு இழையை எடுத்துக் கொளுத்தினாள். முடி பொசுங்குகிற நாற்றம் வந்தது, ஆட்டு ரோமம். ஜன்னலைச் சாத்தி ஊதா விளக்கை அடித்தாள். இந்தக் காலத்து நூலாக இருந்தால் பளிச்சென்று வெள்ளையாக ஒளிரும். இது இருட்டாகவே இருந்தது. யுத்த காலத்து நூல், சந்தேகமில்லை. பிறகு டேப்பை எடுத்து, பட்டைகளைச் சேர்த்துத் தைத்த மூட்டுக்கு மூட்டு அளந்தாள். ஒன்பது அங்குலத்துக்கு ஒரு மூட்டு, மறுபடியும் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு மூட்டு. ஜெர்மன்காரன் சென்டிமீட்டரில் அளப்பவன், ஒன்பது அங்குலப் பட்டை இங்கிலீஷ்காரன் வழக்கம். கயிற்றோரத்தில் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்கிற பித்தளைக் கொக்கி இருந்தது; அதுவும் இங்கிலீஷ் கப்பலுடையது. சாயம் போனாலும் தையல் ஓட்டைகள் போகவில்லை. பூதக்கண்ணாடி வழியாக அவள் ஓட்டைகளைப் பின்தொடர்ந்து போனபோது, நடுவில் ஒரு பெரிய சிலுவையும் மேல் மூலையில் பட்டை பட்டையாக ஒரு சின்னக் கொடியும் இருந்த இடம் தெரிந்தது.

"பெரியம்மா, இது எம்டன் கொடியே இல்லை. இங்கிலீஷ்காரா சண்டைக் கப்பல்ல பின்பக்கம் கட்டற வெள்ளைக் கொடி" என்றாள்.

"அதெப்படிடி? மாமனார் சொல்லியிருக்காரே!"

"மாமனார் சொல்வார். தையல் சொல்ல மாட்டேங்கறதே!"

இன்னும் ஒன்று சொன்னாள். துணி இங்கிலீஷ்காரனுடையது, ஆனால் தைத்தது அங்கே இல்லை. ஓரத்து மடிப்புக்குள் சணல் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் தேங்காய் நார்க் கயிறு இருந்தது. நூலும் நம் ஊர்ப் பருத்தி முறுக்கு நூல். சண்டையில் சரக்கு வராமல் போனபோது இங்கேயே, அநேகமாகச் சென்னைத் துறைமுகத்தில், கிடைத்ததை வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்றாள். ரமா ஸ்டூலைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ இத்தனை வருஷமா நான் யாருக்குடி நன்றி சொல்லிண்டிருந்தேன்?" என்று கேட்டாள். பட்டாபிராமனுக்கு அதைவிடப் பெரிய கவலை. இல்லாத சர்மாவுக்கு அப்பாவும் பிள்ளையுமாக எண்பது வருஷம் தண்ணீர் விட்டிருக்கிறார்களே, அது யாரிடம் போய்ச் சேர்ந்தது?

விஷாகா அதே மாதிரி ரோமத் துணியை எங்கெங்கோ சொல்லிவைத்து வரவழைத்து, அதே மாதிரி நூலால் பிய்ந்த ஓரத்தில் தைத்தாள். வேலை சுத்தம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் புதுத்துணி அசையவே இல்லை. பழையது மட்டும் இந்தப் பக்கம் சோனியாக ஆடிக்கொண்டிருந்தது. ஆக, துணியில் இல்லை, நூலிலும் இல்லை. தைத்த கையில்தான் இருக்கிறது என்று மூன்று பேருக்கும் ஏககாலத்தில் புரிந்தது. அந்தக் கைக்கு எங்கே போவது?

அப்போதுதான் விஷாகா தனக்குப் புரியாத ஒன்றைக் காட்டினாள். கயிற்றோரம், மேல் மூலையிலும் கீழ் மூலையிலும், துணியைக் குவித்து நூலால் சுற்றிச் சின்னச் சின்னக் குடுமி மாதிரி விட்டிருந்தது. உலகத்தில் எந்தக் கப்பல் படையும் கொடிக்கு இப்படி வைத்து அவள் பார்த்ததில்லை. ரமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கோயில் மடப்பள்ளிக்கு வருகிற அரிசி மூட்டைகளை எத்தனை தடவை பிரித்திருக்கிறாள்! "அடி அசடே, இது மூட்டைக் காதுடி! சாக்கு வாயைத் தைக்கறவா, தூக்கறதுக்குத் தோதா ரெண்டு மூலையிலயும் காது விடுவா. கொடிக்குப் போய் எவனோ காது வெச்சிருக்கான்!"

மறுநாள் கொடியின் காதைப் போனில் படமெடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மதுராந்தகம் போனார்கள். நெல் மண்டிகளில் மூட்டை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க ஊருக்கு ஊர் காதை ஒவ்வொரு விதமாகச் சுற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். வயசான மண்டிக்காரர் ஒருவர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "காத உள்ளாற மடிச்சி இடது கையால சுத்திக்கீது. இது வேலந்தாங்கல்மா. இப்போ யாரும் இப்டி சுத்தறதில்ல. பெரியவரு ஒருத்தரு இருக்காரு, அப்பாசாமின்னு. போய்க் கேளு" என்றார்.

"இன்னும் இருக்காரா?" என்றாள் ரமா.

"இருக்காராவா! நூறு ஆயிடிச்சி. மூணு தபா பாடை கட்டியாச்சி, மூணு தபாவும் எழுந்து டீ கேட்டுட்டாரு."

வேலந்தாங்கலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது தெருக்கோடியில் வேப்பமரம் ஆடிக்கொண்டிருந்தது. அப்பாசாமி வீட்டு வேப்பமரம் மட்டும் ஓர் இலைகூட அசையாமல் நின்றது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிழவர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். புகை வளையாமல் நெளியாமல் நூல் பிடித்த மாதிரி மேலே போயிற்று. அவர் பேரன் ஜெயக்குமார், சரக்கு வேன் ஓட்டுகிறவன், நாற்காலி எடுத்துப் போட்டான். தாத்தா மேல் காற்று படாது என்பதை அவன் சர்க்கரை விலை சொல்வது மாதிரிச் சொன்னான். அவர் இருக்கிற இடத்தைச் சுற்றிப் பத்துத் தப்படிக்குக் காற்று நின்றுவிடும். அவர் களத்தில் நெல் தூற்ற முடியாது, அடுத்தவன் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும் துண்டு அசையாது. சித்திரை, வைகாசியில் மனுஷன் வெந்துபோவார், பனைவிசிறியால் வீசினாலும் அவர் மேல் வந்து சேராது. ஆனால் ஊருக்கு அவரால் சௌகரியமும் உண்டு. கார்த்திகைக்கு மாவிளக்குப் போடுகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு திரி அணையாது. மரத்தடியில் சீட்டாடுகிறவர்களும் அவரை விடுவதில்லை.

ரமா போனை நீட்டினாள். கிழவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பொக்கை வாய் முழுக்கச் சிரித்தது.

"அட, எங் காது!" என்றார்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னைப் பட்டணமே மூட்டை முடிச்சோடு செங்கல்பட்டுப் பக்கம் ஓடிவந்த வருஷம், எதிர்ப்பக்கமாக நடந்து பட்டணத்துக்குப் போனவர் அவர். எல்லாரும் ஓடிவிட்டதால் வேலை சுலபமாகக் கிடைத்தது. துறைமுகக் கிடங்கில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவரை, கொடி தைக்கிறவனும் ஓடிவிட்டான் என்று கப்பல்காரர்கள் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாதென்று கதவு, ஜன்னல் எல்லாம் கறுப்புத்துணி போட்டு அடைத்திருந்த அறை. பொட்டுக் காற்று கிடையாது. கை பழக்கதோஷத்தில் ஒவ்வொரு கொடிக்கும் காது வைத்தது. மேஸ்திரி கண்டபடி திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டானாம். ஒன்று மட்டும் அவன் கண்ணில் படாமல் கப்பலேறிவிட்டது.

"மூட்டைன்னா தூக்கணும், கொடின்னாலும் தூக்கணும். காது இல்லாம காத்து எத்தப் புடிச்சித் தூக்கும், நீயே சொல்லு தாயி" என்றார்.

காற்று எப்போதிலிருந்து நின்றது என்று ரமா கேட்டாள். ஊருக்குத் திரும்பி வந்த மறு வருஷம், புரட்டாசி அமாவாசையன்று, சொர்ணவாரி நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தபோது முறத்திலிருந்து பதர் நேரே காலடியில் விழுந்தது, அன்றிலிருந்துதான் என்றார். அது தன் மாமனார் முதல்முதலாக எம்டன் சர்மாவுக்குத் தண்ணீர் விட்ட நாள் என்று ரமா கணக்குப் போட்டாள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எள்ளுத் தண்ணீர் விட்டு, அவர் மேல் வீச வேண்டிய காற்றையெல்லாம் தங்கள் கூடத்துக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். தன் புருஷன் விட்ட ஒவ்வொரு மூச்சும் இந்தக் கட்டிலில் புழுங்கிக்கொண்டிருக்கிற மனுஷனுடையது. அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கரையில் ஒதுங்கினது, எம்டன் சர்மா, தர்ப்பணம், பட்டாபிராமனின் இழுப்பு, எல்லாவற்றையும் அழுகையும் விக்கலுமாகச் சொல்லி முடித்தாள்.

ஜெயக்குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா இது, நாயமா கீதா? எங்க தாத்தா காத்தெல்லாம் உங்க வூட்லயா கீது? நாங்க இங்க வெந்துகினு கீறோம்!"

"நீ சும்மா இர்றா" என்றார் கிழவர். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதான் எமன் என்ன வுட்டுட்டானா! அங்க செத்தவங்க கணக்குல சேத்தாச்சு, இங்க எதுக்கு வரப்போறான்!" பிறகு பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "இந்தா தாயி, அழாத. செத்தவனுக்குத்தான் எள்ளுத் தண்ணி. இருக்கறவனுக்கு சோறு போடணும். வர்ற பொரட்டாசி அமாவாசைக்கு நா வரேன். தண்ணிய வுடாத, எலையப் போடு."

"தண்ணி விடலைன்னா காத்து நின்னுடுமே தாத்தா. அவருக்கு மூச்சு..."

"வரேன்னு சொன்னேன்ல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பட்டாபிராமன் வாத்தியாரைக் கூப்பிட்டு, உயிரோடு இருப்பவருக்குத் தர்ப்பணம் பண்ணின தோஷத்துக்கு என்ன பரிகாரம் என்று கேட்டார். வாத்தியார், இப்படி ஒரு தப்பை இதுவரைக்கும் யாரும் பண்ணினதில்லை, அதனால் பரிகாரமும் யாரும் எழுதி வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, கொடிக்கு நேரே உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார். தண்ணீரை விடுவதா வேண்டாமா என்று ரமா யோசித்து யோசித்துப் பாதியாகப் போனாள். புருஷன் முகத்தைப் பார்த்தால் விடு என்றிருக்கும், கிழவரின் கட்டிலை நினைத்தால் விடாதே என்றிருக்கும். கடைசியில் பட்டாபிராமன்தான் சொன்னார். "தெரியாம வாங்கிண்டது இருக்கட்டும். தெரிஞ்ச அப்புறமும் வாங்கிண்டா அதுக்குப் பேரு வேற, ரமா."

மகாளய அமாவாசை வந்தது. ரமா இரண்டு சமையல் பண்ணினாள். பித்ருக்களுக்கு வாழைக்காயும் பயத்தம்பருப்புமாக ஒன்று. உயிரோடு வருகிற மனுஷனுக்கு வடை, சாம்பார், சாத்துமது எனும் ரசம், திருக்கண்ணமுது எனும் பாயசம் என்று இன்னொன்று. அவருக்கு அமாவாசைச் சமையல் போட அவள் மனசு ஒப்பவில்லை. பட்டாபிராமன் தன் அப்பாவுக்கு விட்டார், தாத்தாவுக்கு விட்டார், அம்மா வழிக்கு விட்டார். காச்யப கோத்திரம் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, கையிலிருந்த எள்ளைத் தட்டில் உதறிவிட்டு எழுந்தார். கொடி அப்படியே விழுந்தது. ஒட்டிக்கொண்டிருந்த புதுத்துணியோடு சேர்ந்து சுவரோடு சுவராகத் தொங்கியது. எண்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கூடத்தில் புழுக்கம் என்றால் என்ன என்று தெரிந்தது. பட்டாபிராமன் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், மார்பு விசில் அடிக்க ஆரம்பித்தது. ரமா ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மூச்சு மருந்து மிஷினை அவர் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு, வாசலையே பார்த்தபடி பெருமாளைக் கூப்பிட்டாள். பெருமாளோடு சேர்த்து அப்பாசாமியையும் கூப்பிட்டாள். விஷாகா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் சரக்கு வேன் வந்து நின்றது.

ஜெயக்குமார் கிழவரைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். இலை போட்டுத் தயாராக இருந்தது. கிழவர் இலையைப் பார்க்கவில்லை. தூணடியில் மூச்சுக்குத் தவிக்கிறவரைப் பார்த்தார்.

"சாமிக்கு இளுப்பு கண்டுக்கீதே! சோறு எங்கடா ஓடிடப்போவுது, அப்பறம் துன்னலாம். அந்தக் கொடிய எறக்கு" என்றார். இடுப்பு மடியிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுத்தார். விரல் நீளத்துக்கு, நுனி வளைந்து, துருவேறாமல் பளபளவென்று இருந்தது. கொடியை மடியில் போட்டுக் காதுகள் இரண்டையும் தடவிப் பார்த்தார். கை கிடுகிடுவென்று நடுங்கியது. சின்ன ஊசியாக இருந்தால் பிடித்திருக்கவே முடியாது. கோணி ஊசி கைக்கு அடங்கியது. ஆனால் குத்துவதற்குத் தெம்பில்லை. ரமா மிஷினை விஷாகா கையில் கொடுத்துவிட்டு வந்து, அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். ஊசி இறங்கியது. அவர் திருப்பினார், இவள் இழுத்தாள். பழையதும் புதுசும் சேருகிற இடத்தில் ஒரு தையல், பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. மூட்டை தைக்கிற பெரிய பெரிய தையல்தான். விஷாகாவின் அழகான தையல் அதன் அடியில் காணாமல் போயிற்று. கோடியில் கிழவர் துணியைக் குவித்து, இடது கையால் சுற்றி, புதுசாக ஒரு காதும் வைத்தார். பல்லில்லாத வாயால் நூலைக் கடிக்கப் பார்த்து முடியாமல், ரமாவைப் பார்த்தார். அவள் குனிந்து கடித்தாள்.

ஜெயக்குமார் கொடியைத் தூக்கி மாட்டினான். முதலில் காதுகள் நிமிர்ந்தன. பிறகு கொடி, புதுசும் பழசுமாக முழுசும், ஓங்கி ஒரு அடி அடித்தது. காற்று கூடத்தைத் தாண்டி, ரேழியைத் தாண்டி, சமையலறையில் ரசச் சட்டியின் மூடியைத் தள்ளிவிட்டது. பட்டாபிராமனின் மார்பிலிருந்து விசில் சத்தம் மெல்ல இறங்கி நின்றது. அவர் இரண்டு கையையும் கூப்பினார். ஆனால் அப்போது யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் கிழவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையில் மிச்சமிருந்த நாலு வெள்ளை மயிர் ஆடியது. தோள் துண்டு படபடத்தது. அவர் வாயைத் திறந்துகொண்டு, முகத்தைக் காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "டேய், டேய், காத்துடா!" என்று பேரனைப் பார்த்துக் கத்தினார். ஜெயக்குமார் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரமாதான் பரிமாறினாள். கிழவர் வடையைச் சாம்பாரில் ஊறப்போட்டு, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். திருக்கண்ணமுதை இரண்டாம் தடவை விடும்போது ரமாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இலைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். "தாத்தா, நீங்க யாருன்னே தெரியாம உங்களுக்குத் தினமும் நன்றி சொல்லியிருக்கேன். பேரை மாத்திச் சொன்னேன், ஊரை மாத்திச் சொன்னேன், போயிட்டேள்னு நெனச்சுண்டு சொன்னேன். அதெல்லாம் எங்கே போச்சோ தெரியலை. இப்போ நேர்ல சொல்றேன். இவர் எனக்குக் கிடைச்சது உங்களாலதான். நன்னா இருங்கோ" என்றாள்.

அப்பாசாமி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"எங்கயும் போவல தாயி, எல்லாம் வந்துச்சி" என்றார். "காத்துதான் வரல. பொழுது சாஞ்சா யாரோ என்ன நல்லா இருன்னு சொல்றாப்ல இருக்கும். பொஞ்சாதி போயிட்டா, புள்ளைங்க போயிடிச்சிங்க, யாருடா நம்மள இப்டி சொல்றதுன்னு பாப்பேன். ஆளு தெரியாது. சரி, சொல்றாங்களே, எப்டி வுட்டுட்டுப் போறதுன்னு நானும் இருந்துகினே இருந்தேன்."

ரமாவுக்குக் கண் மறைத்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"மோரு ஊத்து" என்றார் அப்பாசாமி.

அவள் ஊற்றினாள். காற்றில் இலையின் நுனி எழும்பி எழும்பி வந்தது. அவர் அதை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மோர் சாதத்தைச் சாப்பிட்டார்.